கோலாலம்பூருக்குத் தனியாக வருகிறவர்களுக்கு: வாடகை, வரி, பெருங்காயம்

போன வாரம் வாடகை முன்பணம் பற்றி ஐந்தாறு வரி எழுதிப் போட்டேன். வந்த கேள்விகளில் பாதி முன்பணம் பற்றியவை. மீதிப் பாதி, "தனியா எப்படிக்கா இருக்கீங்க? அங்க யாராவது கிடைச்சாங்களா?" திருப்பூரிலிருந்து ஒரு தங்கை சுற்றி வளைக்காமல், "அந்த 13ஏ யாரு?" என்றே கேட்டுவிட்டார். எங்கேயோ ஒரு பதிலில் வாய் தவறி எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. சொல்கிறேன். ஆனால் நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். முதலில் வரவு செலவு, அப்புறம்தான் மற்றது. அவசரப்படுகிறவர்கள் கீழே தள்ளிக்கொண்டு போங்கள். அப்புறம் 30 சதவீத வரியில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து அழக் கூடாது.

என் கதை சுருக்கமாக: சொந்த ஊர் திருச்சி. 2023 ஆகஸ்டில் வந்தேன், அப்போது வயது 34. கல்யாணம் ஒன்று நடந்து, அது நீதிமன்றத்தில் முடிந்து, ஏழு மாதம் அம்மா வீட்டில் இருந்தேன். அந்த ஏழு மாதமும் வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். அந்தக் குரலுக்குத் தப்பித்துத்தான் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

சினிமாவில் இப்படி ஒரு பெண் வெளிநாட்டில் இறங்கினால் உடனே பாட்டு. இரண்டாவது சரணத்துக்குள் பால்கனி வைத்த வீடு, பூந்தொட்டி, கூடை மாட்டிய சைக்கிள் எல்லாம் வந்துவிடும். நான் இறங்கியது விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில். அந்தப் பாட்டு ஓடியிருக்க வேண்டிய நேரத்தில் ரயிலா பேருந்தா என்று இரண்டு பெட்டியோடு நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரயில் என்றால் கேஎல் சென்ட்ரலுக்கு 33 நிமிடம், 55 வெள்ளி. பேருந்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். முதல் நாள் என்ன அவசரம்? பேருந்தே போதும். வெள்ளி என்று நான் சொல்வது ரிங்கிட்டை. இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒரு மாதத்தில் பழகிவிட்டேன், நீங்களும் பழகிவிடுவீர்கள்.

வருவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். 2023 டிசம்பர் 1 முதல் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கிறார்கள். அது சுற்றிப் பார்க்க மட்டும். "சும்மா வந்து இறங்குங்க, இங்க வேலைப் பாஸா மாத்திக்கலாம்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள். வேலை அனுமதிக்கு ஒப்புதல் வந்த பிறகு விமானச் சீட்டு, அதற்கு முன் இல்லை. பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள், அது இலவசம்.

சரி, வீடு. முழு வீடு எடுத்தால் இங்கே வழக்கம் இது: இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக மூன்றரை மாதம். வாடகை 1,600 வெள்ளி என்றால் சாவி கைக்கு வருமுன் 5,600 வெள்ளியை எடுத்து வைக்க வேண்டும். முதல் சம்பளம் வருவதற்கு முன்னால் இது. அதனால்தான் தனியாக வருகிறவர்கள் முதல் வருடம் அறை எடுப்பது நல்லது என்கிறேன். நான் எடுத்ததும் அறைதான், 900 வெள்ளி, நம்மவர்கள் கடை நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்து நடக்கிற தூரம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சில விளம்பரங்களில் எந்த இனத்தவருக்கு வீடு என்று பட்டவர்த்தனமாகப் போட்டிருக்கும். போடாதவர்களிலும் சிலர் உங்கள் பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு" என்பார்கள். எனக்கு ஒரே சனிக்கிழமையில் நான்கு வீடு போனது. முதல் தடவை வயிற்றைப் பிசையும். நான் கண்ட வழி, முதல் செய்தியிலேயே 'இந்தியப் பாஸ்போர்ட், தனியாள், வேலை இன்னது' என்று எழுதிவிடுவது. வேண்டாதவர் பதில் போட மாட்டார். வலி அதேதான், அலைச்சலாவது மிச்சம்.

அறை விளம்பரங்களில் 'லைட் குக்கிங்' என்று ஒன்று வரும். அதற்கு யாரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. வீட்டுக்காரச் சீன ஆன்ட்டி "லைட் குக்கிங் ஓகே" என்றதும் பருப்பு, ரசம், ஒரு பொரியல், இதைவிட லேசாக என்ன சமைக்க முடியும் என்று தலையாட்டிவிட்டேன். ஆன்ட்டி மனதில் இருந்தது முட்டை அவிப்பதும் நூடுல்ஸுக்கு வெந்நீர் வைப்பதும். தாளிப்பது அந்தக் கணக்கில் கனரகத் தொழில்.

மூன்றாவது ஞாயிறு. அம்மா பெட்டியில் வைத்துக் கொடுத்த கட்டிப் பெருங்காயத்தை உடைத்து எண்ணெயில் போட்டேன். பக்கத்து அறையில் ஜொகூரிலிருந்து வந்த சீனப் பெண், நல்ல பெண், இப்போது என் தோழி. அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, கேஸ் கசிகிறது என்று நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் காவலாளி வந்துவிட்டார், நேபாளக்காரர். வாசலில் நின்றபடி என்னிடம் இந்தியில் மளமளவென்று பேச ஆரம்பித்தார். எனக்கு இந்தியில் நமஸ்தேக்கு மேல் தெரியாது. (இதற்கும் தயாராக வாருங்கள். இங்கே காவலாளிகளில் நிறையப் பேர் நேபாளிகள், நம் முகத்தைப் பார்த்ததும் இந்திதான். திருச்சியில் படிக்காத இந்தியைக் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருக்கிறேன்.)

அவருக்குப் பின்னால் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவர். அரைக்கால் சட்டை, கையில் டார்ச் லைட். பட்டப் பகலில் டார்ச் எதற்கு என்று இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார்.

"கேஸ் இல்லலா. பெருங்காயம். ரசமா, சிஸ்டர்?"

அப்புறம் ஜொகூர் பெண்ணிடம் கான்டனீஸில் ஏதோ சொன்னார், காவலாளியிடம் மலாயில் ஏதோ சொன்னார். மூன்று மொழியில் என் ரசத்துக்கு ஒருவர் வக்காலத்து வாங்கியதை அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பு: 'புகார் தீர்ந்தது. கசிவு இல்லை. இந்திய சூப்.'

அந்த டார்ச்காரர் வாசலிலிருந்து கிளம்பும்போது, "பதினாலாவது மாடிதான். ஏதாச்சும் வேணும்னா கூப்பிடுங்க" என்றார். மறுநாள் ஒரு டப்பாவில் ரசம் எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினால் 14 என்று பொத்தானே இல்லை. தப்பான மாடி சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று கோபத்தோடு இறங்கிவிட்டேன். சீன மொழியில் நான்கு என்ற சொல் சாவு என்பதைப் போல ஒலிக்கும்; அதனால் பல கட்டடங்களில் 4க்குப் பதில் 3ஏ, 14க்குப் பதில் 13ஏ என்று போட்டிருப்பார்கள். இதைக் காவலாளிதான் சொன்னார், இந்தியில், கை ஜாடையோடு. ரசம் அன்று அவருக்குப் போனது.

அந்த டார்ச்காரர்தான் 13ஏ.

நடுவில் ஒரு கேள்வி: மிக்சி கொண்டுவரலாமா? வரலாம். மின்னழுத்தம் ஏறக்குறைய நம் ஊர் மாதிரிதான். ஆனால் சுவரில் இருப்பது பட்டையான மூன்று கால் செருகும் பிரிட்டிஷ் பிளக்; நம் உருண்டைக் கால் நுழையாது. மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, வெற்றிலை, முருங்கை, மல்லிகைச் சரம் எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைக்கும். அம்மா சொல்கிறார்களே என்று இரண்டு கிலோ புளி தூக்கிவராதீர்கள். பெருங்காயமும் இங்கே கிடைக்கும், வாசனை கொஞ்சம் மட்டு. என் அனுபவத்தில் அது நல்லதுதான்.

மொழிக்கு வருவோம், ஏனென்றால் நான் முதலில் தடுக்கி விழுந்தது அங்கேதான். காலை 7:20க்கு லிஃப்டில் 13ஏ-ஐப் பார்ப்பேன். தினமும் ஒரே கேள்வி: "பசியாறியாச்சா?" யோசித்துப் பாருங்கள். ஏழு மாதமாக என்னை 'சாப்பிட்டியா' என்று கேட்டவர்கள் எல்லாரும் அதில் ஒரு சொட்டுப் பரிதாபம் கலந்துதான் கேட்டார்கள். இவர் கேட்டதில் அது இல்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட சொல்! சாப்பிடுவது வேறு, பசி ஆறுவது வேறு. அன்றிரவே ஸ்ரீரங்கத்துத் தோழிக்குப் போன் போட்டு, "தினமும் என் பசியை விசாரிக்கிறார்டி" என்றேன். அவள் முகூர்த்த நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாவது வாரம் பார்க்கிறேன், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரிடம் அதே கேள்வி. ஒன்பதாம் மாடிப் பாட்டியிடம் அதே கேள்வி. வாகன நிறுத்தத்தில் படுத்திருக்கும் பூனையிடமும் அதே கேள்வி. மலேசியத் தமிழில் அது காலை வணக்கம் மாதிரி, அவ்வளவுதான். முகூர்த்தம் ரத்து.

இன்னும் சில. 'காடி' என்றால் கார். "மழை வருது, காடியில போயிடலாம்" என்று அவர் சொன்னபோது, எனக்குத் தெரிந்த காடி ஊறுகாய்க்கு ஊற்றுவது என்பதால், முழித்தேன். 'சடக்கு' என்றால் சாலை. காபி இங்கே கோப்பி. 'தப்பாவ்' என்றால் பார்சல், இது எல்லா இனத்துக்கும் பொது. 'குராங் மானிஸ்' என்று மலாயில் சொன்னால் தேநீரில் இனிப்பைக் குறைத்துப் போடுவார்கள்; சொல்லாவிட்டால் பாயசம்தான் வரும். மலாய் பயமுறுத்துகிற மொழி இல்லை. கெடாய் நம் கடை, காப்பால் நம் கப்பல், காத்தில் நம் கட்டில். மணமக்களுக்கு மெம்பெலாய், நம் மாப்பிள்ளையிலிருந்து போனது. வீட்டுக்கார ஆன்ட்டி கொடுத்த அறைச் சாமான் பட்டியலில் எனக்குப் புரிந்த முதல் மலாய்ச் சொல் 'காத்தில்'தான்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, இங்குள்ளவர்களின் தமிழைத் திருத்துவது. நானும் செய்தேன். ஒருநாள் 13ஏ-யிடம் கொஞ்சம் மிதப்பாக, "கார்னு சொல்லுங்க, இல்லேன்னா மகிழுந்துன்னு சொல்லுங்க, அது என்ன காடி?" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோப்பியை ஆற்றியபடி, "மொத உலகத் தமிழாராய்ச்சி மாநாடு எங்க நடந்துச்சு, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. "இங்கதான், கோலாலம்பூர்ல. 1966. உங்க மெட்ராஸ்ல நடந்தது ரெண்டாவது." அதற்கப்புறம் நான் யாருடைய காடியையும் தொடுவதில்லை. 1816இல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கிய நாடு இது. தோட்டங்களில் ரப்பர் வெட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. நாம் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேற்று வந்தவர்கள்.

வங்கிக் கணக்கு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பாஸ்போர்ட், வேலை அனுமதி, நிறுவனக் கடிதம் மூன்றும் இருந்தால் திறந்துவிடலாம். திறந்ததும் போன் எண்ணை டூயிட்நவ்வில் இணைத்துவிடுங்கள். நம் ஊர் யூபிஐ மாதிரிதான். ரோட்டோரக் கடையிலும் கியூஆர் ஒட்டியிருக்கும். ஒரே வித்தியாசம், பணம் அனுப்பும்போது குறிப்புக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை நிரப்பாமல் என் வங்கி விடாது.

இந்தப் பெட்டிதான் என் கதையில் வில்லனா தூதனா என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர்) இரண்டு ரொட்டி சானாய், அதாவது நம் பரோட்டா மாதிரி, ஒரு தே தாரிக், அதாவது ஆற்றிய டீ. என் பங்கு 6.50. நான் பையைத் திறப்பதற்குள் 13ஏ கொடுத்துவிட்டார். எனக்கு யாரிடமும் கடன் ஆகாது. விவாகரத்துக்குப் பிறகு இது இன்னும் கெட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் 6.50 அனுப்பினேன், பெட்டியில் 'ரொட்டி' என்று. ஐந்து நிமிடத்தில் 6.50 திரும்பி வந்தது. பெட்டியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'விருந்தாளி'. நான் மறுபடி அனுப்பினேன்: 'நான் விருந்தாளி இல்லை'. மறுபடி வந்தது: 'அப்ப யாரு'.

இரண்டு நாள் அந்தப் பணம் என் கணக்கிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் 'வாடகைதாரர்' என்று போட்டு அனுப்பி வைத்தேன். அதற்கப்புறம் அந்த ஆறரை வெள்ளி எங்கள் இரண்டு கணக்குக்கும் நடுவில் பல மாதம் ஓடியது. 'குடை எடுத்தாச்சா'. 'லிஃப்ட் 2 பழுது'. 'இன்று ரசமா'. வாட்ஸ்அப் இல்லாமலா? இருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் பேசினால் பேசுவதுபோல் ஆகிவிடும் அல்லவா. இது வெறும் பாக்கி தீர்ப்பது. மாதக் கடைசியில் வங்கி அறிக்கையைச் சரிபார்க்கும்போது எனக்கே சிரிப்பு வரும். வரவு செலவு சுத்தமாகச் சமம், பக்கம் மட்டும் நான்கு.

பணம், காதல் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். தனியாக வந்த பெண்களை, ஆண்களையும்தான், குறிவைத்து இணையத்தில் பழகி, 'பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது' என்று பணம் கேட்கிற கூட்டம் உண்டு. முகம் பார்க்காதவருக்கு ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள், மோசடிக்கென்றே இருக்கிற எண் அது. இரண்டாவது ரகம் நம் ஊர்க்காரர்கள்தான்: மனைவியும் குழந்தையும் கோயம்புத்தூரில், ஆள் இங்கே 'சிங்கிள்'. தீபாவளிக்கு ஊருக்குப் போனதும் போன் அணைந்துவிடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, இது மோசடி அல்ல, சட்டம்: இங்கே முஸ்லிம் ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் மதம் மாற வேண்டும். பழகுவதற்கு முன்பே தெரிந்திருப்பது இருவருக்கும் நல்லது.

இப்போது வரி. இதை எழுதத்தான் வந்தேன்.

ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால்தான் வரிக்கு நீங்கள் 'வசிப்பவர்'. இல்லையென்றால் சம்பளத்தில் முழுசாக 30 சதவீதம். 6,000 வெள்ளி என்றால் 1,800 போய்விடும். ஜூலைக்கு அப்புறம் வந்து சேர்கிற எல்லாருக்கும் அந்த ஆண்டில் 182 நாள் தேறாது. நான் ஆகஸ்ட். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன், கணக்குத் துறையில் இருந்துகொண்டே. ஆனால் ஒரு வழி இருக்கிறது. அந்தக் குறைந்த நாட்கள், அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாள் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு வந்தால், முதல் ஆண்டுக்கும் வசிப்பவராக எடுத்துக்கொள்வார்கள். அதிகமாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். இடையில் ஊருக்குப் போய் வருவது மொத்தம் 14 நாளைத் தாண்டக் கூடாது. டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டும் இங்கேயே இருப்பது உத்தமம். 2024 லீப் வருடம். ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை கச்சிதமாக 182 நாள். சுவரில் காலண்டர் மாட்டி, நாள் நாளாகக் கட்டம் அடித்தேன். பாஸ்போர்ட்டில் விழும் ஒவ்வொரு முத்திரையையும் நகல் எடுத்து வையுங்கள், பின்னால் கேட்பார்கள்.

அம்மாவுக்கு இது புரியவே இல்லை. சித்திரையில் மூன்று வாரம் வா, ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் கனடா, அவருக்கும் இரண்டாவது, என்றார். 14 நாளுக்கு மேல் முடியாது என்றேன். சொந்தக்காரர்களிடம் அம்மா சொன்ன விளக்கம்: "அவள வரி ஆபீஸ்ல விட மாட்டேங்கறாங்க." ஏதோ ஜாமீனில் இருக்கிறவள் மாதிரி.

அந்த டிசம்பர் 31 இரவு ஊரே பட்டாசு பார்க்கப் போயிருந்தது. வரிக்காக ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கியவள் என்று 13ஏ நிர்வாகக் குழு முழுக்கப் பரப்பியிருந்தார். எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்தும் மேல்தளத்திலிருந்து மெர்டேக்கா 118 கோபுரம் தெரியும், உயரம் 678.9 மீட்டர். ஏழெட்டுப் பேர் போய் நின்றோம். சினிமா என்றால் வாணவேடிக்கை வெளிச்சம் முகத்தில் விழ, காற்றில் துப்பட்டா பறந்திருக்கும். எங்களுக்குக் கொசு. (டெங்கி இங்கே விளையாட்டில்லை. கொசு மருந்து தடவாமல் மாலையில் நிற்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அதே நாளில் கிளினிக்குக்குப் போங்கள்.) எல்லாரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி முடித்து, பன்னிரண்டு ஐந்து இருக்கும். அவர் பக்கத்தில் வந்து, "பசியாறியாச்சா?" என்றார்.

"நடுராத்திரியிலயா?"

"புது வருசம். விடிஞ்ச கணக்குதானே."

அன்றைக்கு அதை வேறு யாரிடமும் அவர் கேட்கவில்லை. நான் கவனித்தேன். 'சிஸ்டர்' காணாமல் போயிருந்ததையும் கவனித்தேன்.

ஏப்ரலில் 13 நாள் திருச்சி. அட்டையையும் சாவியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன், பால்கனியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற. ஜொகூர் பெண் வீட்டில்தான் இருந்தாள், அவளே ஊற்றியிருக்கலாம். அவளும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தனியாக வருகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்: மாற்றுச் சாவி யாரிடம்? காதல் கத்திரிக்காய் எல்லாம் அப்புறம். இரண்டு நாள் உங்கள் கதவு திறக்கவில்லையென்றால் வந்து தட்டுகிற ஒரு ஆள் வேண்டும். வரன் விஷயம்? வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனிமை பற்றிக் கேட்ட நண்பருக்கு: முதல் வாரம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மாதம்தான் கடிக்கும், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு இடியோடு மழை கொட்டும்போது. ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், அங்கே உங்கள் முகம் தெரிய வேண்டும். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் நேராக பத்துமலை முருகன் கோவில். 272 படி ஏறி இறங்கினால் அன்றைய தூக்கத்துக்கு உத்தரவாதம். காசு சேர்ந்தால் பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து படகில் பினாங்கு. அங்கே நாசி கண்டார் என்கிற குழம்புச் சோற்றில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், 'பஞ்சிர்' என்றால் போதும், வெள்ளம் என்று அர்த்தம். நான் போனது 13ஏ, அவர் அக்கா, அக்காவின் இரண்டு வால் பையன்கள் எல்லாரோடும். அதை எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் சேமநிதி பிடிக்கிறார்கள்: உங்களிடம் 2 சதவீதம், நிறுவனம் 2 சதவீதம். நாட்டை விட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். வேலையை விட்டுக் கிளம்புகிறவர்கள் கவனிக்க: வரி பாக்கி இல்லை என்ற கடிதம் வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும். அது சட்டம், சண்டை போடாதீர்கள். கையில் இரண்டு மாதச் செலவுக்கு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டால் என்ன நடைமுறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம். கோவிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்தால்தான் செல்லும். தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பம், 21 நாள் அறிவிப்பு. நம் தூதரகத்திலிருந்து மணமாகாதவர் என்பதற்குச் சான்று வேண்டும். முன்பு மணமாகி விலகியவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலும். மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தால் முன்னாலேயே செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் இழுக்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். விசாரித்து வைப்பதில் தவறில்லை.

போன டிசம்பரில் அம்மா வந்திருந்தார், அந்த 30 நாள் அனுமதியில்தான். முதல் நாள் காலை லிஃப்டில் 13ஏ கையைக் கட்டிக்கொண்டு, "பசியாறியாச்சாம்மா?" என்றார். கீழே இறங்கியதும் அம்மா என் கையை அழுத்தினார். "பாத்தியா, எவ்வளவு அக்கறை! பசி ஆறுச்சான்னு கேக்குது அந்தப் புள்ள." அது இங்கே காலை வணக்கம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா பெருங்காயத்தைப் பொரித்தார், அளவு அம்மா அளவு. குடியிருப்புக் குழுவில் ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு புகார். கீழேயே ஜொகூர் பெண்ணின் பதில்: 'கேஸ் இல்லை. சூப்.'

அந்த ஆறரை வெள்ளி இப்போது என் கணக்கில் இருக்கிறது. கடைசியாக வந்தபோது பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று சொல்வதாக இல்லை. திருப்பி அனுப்பவில்லை.

முன்பணத்தை முழுசாகத் திரும்ப வாங்குவது எப்படி என்று கேட்டவர்களுக்கு அடுத்த மாதம் எழுதுகிறேன், அப்போது நானே காலி செய்கிறேன். சுவரில் ஆணி அடித்த இடம், குளியலறைக் குழாய், எல்லாவற்றையும் குடிவந்த நாளிலேயே படம் எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் எடுங்கள். எனக்கு லாரி தேவைப்படாது, லிஃப்ட் போதும். ஆனால் லிஃப்டில் சாமான் ஏற்றுவதற்கும் நிர்வாகத்துக்குப் படிவம் கொடுத்து முன்பணம் கட்ட வேண்டுமாம். குழுவில் ஆள் இருந்தும் சலுகை கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.